மன அழுத்தமும் உடம்பும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மனசு கலங்கினால் உடம்பு காட்டிக்கொடுத்துவிடும். உடம்பை இளக்கினால் மனசும் கொஞ்சம் இறங்கி வரும். இதில் சந்தேகமில்லை. ஆனால் இதை வைத்துக்கொண்டு உருப்படியான யோசனையும் சொல்கிறார்கள், கதையும் விடுகிறார்கள். இரண்டும் கலந்தே காதில் விழுகின்றன. பலரும் கேட்கும் கேள்விகளை எடுத்துக்கொண்டு, எது எதுவரை உண்மை என்று பிரித்துச் சொல்லப் பார்க்கிறேன்.

கஷ்டம் மனசுக்குத்தானே? உடம்பு ஏன் வலிக்கிறது?

இரவு பதினோரு மணிக்கு மேலதிகாரியிடமிருந்து கைபேசியில் ஒரு வரி வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்: "நாளை காலை வந்ததும் என்னைப் பாருங்கள்." அவ்வளவுதான், காரணம் எதுவும் இல்லை. படித்து முடிப்பதற்குள் நெஞ்சு அடித்துக்கொள்ளும். நரம்பு வழியாகச் சில விநாடிகளில் கட்டளை போய், சிறுநீரகங்களின் மேல் இருக்கும் அட்ரினல் சுரப்பிகள் அட்ரினலினை ரத்தத்தில் விட்டிருக்கும். இதயம் வேகமெடுக்கும். குடலுக்குப் போகும் ரத்தம் குறைந்து கை கால் தசைகளுக்குத் திரும்பும். உள்ளங்கை வியர்க்கும், நாக்கு வறளும். இது முதல் சுற்று. இரண்டாவது சுற்று சற்று நிதானமானது: மூளையின் ஹைப்போதலாமஸ் பிட்யூட்டரிக்குச் சொல்ல, பிட்யூட்டரி அட்ரினலுக்குச் சொல்ல, கடைசியில் கார்ட்டிசால் என்ற ஹார்மோன் சுரக்கும். அது உச்சத்துக்குப் போக ஏறக்குறைய 20 முதல் 30 நிமிடம் பிடிக்கும். கைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு விளக்கை அணைத்த பிறகும் உடம்பு இன்னும் ஓடத் தயாராகவே இருக்கும்.

வால்டர் கேனன் என்ற அமெரிக்க உடலியல் அறிஞர் 1915லேயே இதை விளக்கிவிட்டார்: ஆபத்து வந்தால் சண்டை போடவோ தப்பி ஓடவோ உடம்பு செய்துகொள்ளும் ஏற்பாடு இது. அந்த ஒரு வரிச் செய்தியோடு சண்டையும் போட முடியாது, அதை விட்டு ஓடவும் முடியாது. முறுக்கேறிய தசை முறுக்கேறியபடியே நிற்கிறது. தோள்பட்டை, பிடரி, தாடை, அடிவயிறு என்று நாள்கணக்கில் அது தங்கும் இடங்களில்தான் வலி தெரிகிறது.

மன அழுத்தம் என்றாலே கெட்டதா?

இல்லை. கொஞ்சம் பதற்றம் இருந்தால்தான் பரீட்சைக்கு முன் புத்தகத்தைத் திறப்போம். கண் விழித்த முதல் அரை மணி, முக்கால் மணி நேரத்தில் கார்ட்டிசால் தானாகவே ஏறுகிறது; எழுந்து நடமாட அது வேண்டும். ஏறியது இறங்காமல் மாதக்கணக்கில் நின்றால்தான் தொல்லை. அப்போது தூக்கம், ரத்த அழுத்தம், எதிர்ப்புச் சக்தி என்று ஒவ்வொன்றாக அடி வாங்கும். புரூஸ் மெக்யூவன் என்ற நரம்பியல் அறிஞர் 1993 முதல் இதை உடம்பின் தேய்மானமாகவே கணக்கிட்டு எழுதினார்.

எல்லா டெஸ்ட்டும் நார்மல். 'டென்ஷன்தான்' என்கிறார் டாக்டர். அப்படியென்றால் என் வலி பொய்யா?

பொய்யில்லை. ரிப்போர்ட் நார்மல் என்றால், அந்தப் பரிசோதனை தேடிய கோளாறு இல்லை என்று மட்டும் பொருள். அடிபட்ட அளவுக்கு அளந்து வருவதல்ல வலி. மூளை அதைக் கூட்டவும் செய்யும், குறைக்கவும் செய்யும். பயம், தூக்கமின்மை, தனிமை மூன்றும் கூட்டும். வலிப்பது நிஜம்தான், அதற்கான காரணம் ஸ்கேனில் விழாத இடத்தில் இருக்கிறது.

அதற்காக 'டென்ஷன்' என்ற ஒற்றைச் சொல்லோடு வீடு திரும்பவும் வேண்டாம். தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும், ரத்தசோகை இருந்தாலும், இதயத் துடிப்பின் தாளம் தவறினாலும் அச்சு அசலாகப் பதற்றம் போலவே இருக்கும். முன்பெல்லாம் வயிற்றுப்புண்ணுக்கு மனக்கவலைதான் முக்கியக் காரணம் என்று மருத்துவர்களே பல பத்தாண்டுகள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 1980களில் பாரி மார்ஷல், ராபின் வாரன் என்ற இரண்டு ஆஸ்திரேலிய மருத்துவர்கள், ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற பாக்டீரியாவைக் காட்டி 'காரணம் இதுதான்' என்றார்கள். யாரும் நம்பவில்லை என்றதும் மார்ஷல் அந்தக் கிருமியைத் தானே குடித்து, இரைப்பையில் அழற்சியை வரவழைத்துக் காட்டினார். 2005இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. யாராவது ஒரு நோயை 'எல்லாம் மனசுதான்' என்று சட்டென்று முடித்துவைக்கும்போது எனக்கு மார்ஷல்தான் ஞாபகம் வருவார்.

பதறினால் முதலில் வயிறுதான் கலக்குகிறது. அது ஏன்?

குடல் சுவருக்குள்ளேயே பத்துக் கோடிக்கும் மேற்பட்ட நரம்பணுக்கள் இருக்கின்றன. மூளையைக் கேட்காமலே குடலை நடத்தும் அளவுக்கு அவற்றுக்குச் சாமர்த்தியம் உண்டு. மூளைத்தண்டிலிருந்து கழுத்து வழியாக நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் இறங்கும் வேகஸ் நரம்பு இவற்றை மூளையோடு இணைக்கிறது. அந்த நரம்பின் இழைகளில் சுமார் 80 சதவீதம் கீழிருந்து மேலே செய்தி கொண்டு போகிறவை. அதாவது மூளை வயிற்றிடம் பேசுவதைவிட வயிறு மூளையிடம் பேசுவதுதான் அதிகம். பயத்தில் வயிறு கலங்குகிறது, கலங்கிய வயிறு 'ஏதோ சரியில்லை' என்று மேலே சொல்கிறது, பயம் கூடுகிறது. அடிக்கடி வயிறு வலித்து, மலம் கழிப்பது ஒழுங்கு தவறும் எரிச்சல் குடல் நோய் உள்ளவர்களுக்கு இந்தச் சுற்று நன்றாகவே தெரியும். அவர்களில் பலருக்கு மாத்திரையோடு மனநலச் சிகிச்சையும் சேர்ந்தால் வயிற்று உபாதை குறைகிறது.

இங்கே ஒரு வியாபாரமும் நடக்கிறது. மனநிலையோடு தொடர்புள்ள செரட்டோனின் என்ற ரசாயனம் உடம்பில் இருப்பதில் 90 சதவீதத்துக்கு மேல் குடலில் உற்பத்தியாகிறது என்பது உண்மை. 'ஆகவே குடலைச் சுத்தம் செய்தால் மனச்சோர்வு போய்விடும்' என்பது உண்மையல்ல. குடலில் உண்டாகும் செரட்டோனின் மூளைக்குள் நுழைவதில்லை. ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே உள்ள தடுப்பு அதை விடாது.

'ரிலாக்ஸா இரு' என்று சொன்னாலே எரிச்சல் வருகிறதே?

வரத்தான் செய்யும். இதயத் துடிப்புக்கோ வியர்வைக்கோ கார்ட்டிசாலுக்கோ யாரும் உத்தரவு போட முடியாது. முடியாத வேலையைச் செய்யச் சொன்னால் யாருக்குத்தான் கோபம் வராது?

தானாகவும் நடந்துகொண்டு, நினைத்தால் நம் கைக்கும் வரக்கூடியது மூச்சு. இன்னொன்று, கை கால் தோள் தாடைத் தசைகள். உள்ளே போக நமக்கு இருக்கும் வாசல் இந்த இரண்டுதான். சந்தேகம் இருந்தால் சோதித்துப் பாருங்கள். மணிக்கட்டில், கட்டைவிரலுக்குக் கீழே நாடி துடிக்கும் இடத்தில் இரண்டு விரலை வையுங்கள். நிதானமாக மூச்சை இழுங்கள். துடிப்பு சற்று நெருங்கி வரும். நீளமாக விடுங்கள், துடிப்புகளுக்கு நடுவே இடைவெளி கூடும். எல்லாருக்கும் ஒரே அளவில் தெரியாது, வயது ஏற ஏற வித்தியாசம் குறையும். மூச்சை விடும் நேரத்தில் வேகஸ் நரம்பு இதயத்தைச் சற்று இழுத்துப் பிடிப்பதால் வரும் வித்தியாசம் இது. அமைதிப்படுத்தும் மூச்சுப் பயிற்சி எதை எடுத்துக்கொண்டாலும் விடும் மூச்சை நீட்டச் சொல்வார்கள். அதற்கான காரணம் உங்கள் விரல் நுனியில் தட்டுப்படுகிறது.

சரி, எப்படித்தான் மூச்சு விடுவது?

மூக்கு வழியாக மனதுக்குள் நான்கு எண்ணும்வரை இழுங்கள், ஆறு எண்ணும்வரை விடுங்கள். நிமிடத்துக்கு ஆறு மூச்சு வரும். ஓய்வாக இருக்கும்போது பெரியவர்கள் சாதாரணமாக 12 முதல் 20 வரை விடுவார்கள். ஆறு எண்ண முடியாவிட்டால் மூன்று, ஐந்து என்று வைத்துக்கொள்ளுங்கள். அடக்கிப் பிடிக்கத் தேவையில்லை. ரொம்ப ஆழமாக இழுக்கவும் தேவையில்லை. இழுக்கும்போது தோள் தூக்கிக்கொண்டு போனால் அளவுக்கு மேல் இழுக்கிறீர்கள். தொப்புள் மேல் ஒரு கை வைத்தால் அது மெல்ல எழும்பி இறங்க வேண்டும். ஐந்து நிமிடம் போதும்.

இன்னொரு வகையும் உண்டு. மூக்கில் ஒரு மூச்சு இழுத்து, அதன் மேலேயே இன்னொரு சின்ன மூச்சு இழுத்து, வாய் வழியாக நீளமாக விடுவது. அழுது ஓயும் குழந்தை தானாகவே இப்படி விசும்பி மூச்சு விடும். 2023இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சுமார் நூறு பேரை வைத்து, தினம் ஐந்து நிமிடமாக ஒரு மாதம் பார்த்ததில், மூச்சைச் சும்மா கவனித்துக்கொண்டிருந்தவர்களைவிட இப்படி விட்டவர்களின் மனநிலை அதிகம் தேறியிருந்தது. ஒரே ஒரு ஆய்வு, அதுவும் சிறியது. வேதவாக்காக எடுக்க வேண்டாம், செய்து பார்ப்பதில் செலவும் இல்லை.

முதன்முதலில் செய்து பார்க்கும் நேரம் சண்டைக்கு நடுவில் வேண்டாம். சும்மா இருக்கும்போது பழகியிருந்தால்தான் பதறும்போது கைகொடுக்கும்.

எனக்கு மூச்சைக் கவனித்தாலே படபடப்பு கூடுகிறது.

நிறையப் பேருக்கு இப்படி உண்டு, குறிப்பாகத் திடீர்ப் பீதி வந்து பழகியவர்களுக்கு. அவர்கள் பயந்த நேரத்தில் அவசர அவசரமாக மூச்சு விட்டிருப்பார்கள். ரத்தத்தில் கரியமில வாயு குறைந்து விரல் மரத்து, தலை சுற்றி, 'போச்சு' என்று தோன்றியிருக்கும். அதன் பிறகு மூச்சைக் கவனிப்பதே அந்த ஞாபகத்தைக் கிளப்பிவிடும்.

மூச்சைக் கவனிப்பதை விட்டுவிடுங்கள். கவனத்தை வெளியே கொண்டு வாருங்கள். இரண்டு பாதமும் தரையில் படியட்டும், குதிகாலைத் தரையில் அழுத்துங்கள். கண்ணில் படும் ஐந்து பொருள்களின் பெயரை வாய்விட்டுச் சொல்லுங்கள். முகத்தில், முக்கியமாகக் கண்ணைச் சுற்றியும் கன்னத்திலும், குளிர்ந்த நீர் பட்டால் இதயத் துடிப்பு இறங்கும். தண்ணீரில் மூழ்கும் உயிரினங்களுக்கு உள்ள அனிச்சைச் செயல் நம்மிடமும் இருக்கிறது. இதயக் கோளாறு உள்ளவர்கள் இந்தக் கடைசி வழியை மருத்துவரிடம் கேட்காமல் செய்ய வேண்டாம். காகிதப் பைக்குள் மூச்சு விடும் பழைய வைத்தியமும் வேண்டாம். படபடப்புக்குக் காரணம் இதயமோ ஆஸ்துமாவோ என்றால் அது ஆபத்து.

தசைத் தளர்வுப் பயிற்சி என்கிறார்களே, அது என்ன?

எட்மண்ட் ஜேக்கப்சன் என்ற அமெரிக்க மருத்துவர் சுமார் நூறு ஆண்டுகளுக்கு முன் வகுத்தது. தசை இறுகியிருப்பதே நமக்குத் தெரிவதில்லை, தெரியாததைத் தளர்த்தவும் முடியாது. ஆகவே முதலில் வேண்டுமென்றே இறுக்கு என்றார். என்னைக் கேட்டால், உட்கார்ந்து தியானம் செய்ய வராதவர்களுக்கு இதைவிட நல்ல ஆரம்பம் கிடையாது.

வலது கையில் தொடங்குங்கள். விரல்களை மடக்கி முஷ்டியை இறுக்குங்கள். முழு பலம் வேண்டாம், முக்கால் பலம் போதும். சில விநாடியில் முன்கையின் உள்பக்கம் இழுப்பது தெரியும், விரல் முட்டி வெளுக்கும், முழங்கை வரை லேசாக நடுங்கலாம். மூச்சை அடக்கிக்கொண்டிருக்கிறீர்களா என்று பாருங்கள். பெரும்பாலானவர்கள் அடக்குவார்கள். ஐந்து, ஏழு விநாடி ஆனதும் ஒரேயடியாக விட்டுவிடுங்கள். விரல்கள் பாதி மடங்கினபடி நிற்கும், அவற்றை நீட்டிவிட வேண்டாம். அடுத்த இருபது விநாடிதான் உண்மையான பயிற்சி. உள்ளங்கையில் வெதுவெதுப்பு பரவும், கை கனக்கும். இடது கையை இன்னும் தொடவில்லை அல்லவா? இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

பிறகு இடது கை, புஜம், நெற்றி, கண், தாடை, தோள், வயிறு, தொடை, கெண்டைக்கால், பாதம். தாடையில் சற்று அதிக நேரம் நில்லுங்கள். இதைப் படிக்கும் இந்த நிமிடம் உங்கள் மேல் பல்லும் கீழ்ப் பல்லும் தொட்டுக்கொண்டிருக்கின்றனவா? மெல்லாமலும் விழுங்காமலும் இருக்கும்போது, உதடு மூடியிருந்தாலும் பற்களுக்கு நடுவே சிறு இடைவெளி இருக்க வேண்டும். காலையில் எழும்போதே தலை வலிப்பவர்களில் சிலர் இரவெல்லாம் பல்லைக் கடித்தவர்கள்.

அடிபட்ட இடம், பிடிப்பு வரும் கெண்டைக்கால் ஆகியவற்றை விட்டுவிடலாம்.

தியானம் கட்டாயமா? உட்கார்ந்தால் மனசு ஊர் சுற்றுகிறது.

கட்டாயமில்லை. மனசு ஊர் சுற்றுவது தோல்வியும் இல்லை. போனதைக் கவனித்துத் திரும்பி வருவதுதான் பயிற்சி. போகாமலே இருக்கிறவர் யார்?

ஹெர்பர்ட் பென்சன் என்ற ஹார்வர்டு இதய மருத்துவர், ஒரு சொல்லையோ ஒலியையோ திரும்பத் திரும்ப மனதுக்குள் சொல்லிக்கொண்டு அமைதியாக அமர்ந்திருப்பவர்களின் இதயத் துடிப்பும் ஆக்சிஜன் செலவும் குறைவதை 1970களில் அளந்து எழுதினார். 1979இல் ஜான் கபாட் ஜின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில், மருந்தால் மட்டும் தீராத நாள்பட்ட வலிக்காரர்களுக்கு எட்டு வாரப் பயிற்சி ஒன்றைத் தொடங்கினார். இன்று உலகம் முழுக்க நடக்கும் கவனக்குவிப்பு (மைண்ட்ஃபுல்னஸ்) வகுப்புகளில் பல அதன் வழி வந்தவை. பதற்றமும் மனச்சோர்வும் இதனால் ஓரளவு குறைவதை ஆய்வுகள் காட்டுகின்றன. ஓரளவுதான், விளம்பரம் சொல்லும் அளவுக்கு இல்லை. சிலருக்கு, குறிப்பாகப் பழைய அதிர்ச்சியைச் சுமப்பவர்களுக்கு, கண்ணை மூடி உட்கார்ந்தால் வேண்டாத காட்சிகள் வந்து நிற்கும். அப்படியானால் கண்ணைத் திறந்துகொள்ளுங்கள், நடந்துகொண்டே செய்யுங்கள், அல்லது விட்டுவிடுங்கள்.

நடைப்பயிற்சி?

முறுக்கேறிய தசைக்கு உடம்பு எதிர்பார்த்த வேலையைக் கொடுப்பது அது. உலகச் சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு வாரம் 150 நிமிட மிதமான உழைப்பைச் சொல்கிறது. முடியாதவர்கள் பத்து நிமிடத்தில் தொடங்கலாம்.

தூக்கம் வராமல் புரண்டுகொண்டிருப்பதற்கு?

இருபது நிமிடத்துக்கு மேல் புரள்வதாகத் தோன்றினால் எழுந்து வேறிடத்தில், மங்கிய வெளிச்சத்தில் உட்காருங்கள்; கண் சொக்கினால் திரும்பி வாருங்கள். கட்டிலையும் கவலையையும் மூளை ஒன்றாக முடிச்சுப் போட்டுக்கொள்ளாமல் இருக்கத்தான் இது. மாலைக்கு மேல் காபி வேண்டாம்; குடித்த காஃபினில் பாதி உடம்பை விட்டுப் போகவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும்.

மனதில் இருப்பதை எழுதினால் பாரம் குறையுமா?

குறையலாம். ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்ற உளவியலாளர் 1986இல் வெளியிட்ட ஆய்வில், கல்லூரி மாணவர்களைத் தொடர்ந்து நான்கு நாள், நாளுக்கு 15 நிமிடம் எழுத வைத்தார். ஒரு சாரார் வாழ்க்கையில் மிகவும் பாதித்த சம்பவத்தை எழுதினார்கள், மற்றவர்கள் சாதாரண விஷயங்களை. பாதித்த சம்பவத்தைப் பற்றி, நடந்ததையும் அப்போது பட்டதையும் சேர்த்து எழுதியவர்கள் அடுத்த சில மாதங்களில் கல்லூரி மருத்துவ நிலையத்துக்குப் போனது குறைவு. எழுதி முடித்த அன்று அவர்கள் முன்னைவிடச் சோர்ந்திருந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். நன்மை பிறகுதான் வந்தது. அதற்குப் பின் வந்த ஏராளமான ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால் சராசரிப் பலன் சிறியது.

ஆகவே எழுத்து நடை பார்க்காதீர்கள், யாருக்கும் காட்டாதீர்கள், கிழித்துப் போட்டாலும் சரி. எழுதி எழுதி அதே இடத்தில் சுற்றிக்கொண்டிருந்தால் நிறுத்திவிடுங்கள். நேற்று நடந்த சாவைப் பற்றி இன்றே எழுத உட்காரவும் வேண்டாம்.

எழுத வராவிட்டால் பெயர் சொன்னாலும் போதும். 'எனக்கு ஒரு மாதிரியா இருக்கு' என்பதை 'எனக்கு அவமானமாக இருக்கிறது, தொண்டையில் அடைக்கிறது' என்று குறிப்பாகச் சொல்லிப் பாருங்கள். மேத்யூ லீபர்மன் குழுவினர் 2007இல் மூளையைப் படமெடுத்துப் பார்த்தபோது, கோப முகத்தையும் பயந்த முகத்தையும் பார்த்து அந்த உணர்ச்சிக்குப் பெயர் சொன்னவர்களுக்கு, மூளையில் அபாயத்தைக் கண்டு கிளம்பும் அமிக்டலாவின் துடிப்பு தணிந்திருந்தது.

அழுகையை அடக்கலாமா? கோபத்தைக் கொட்டிவிடலாமா?

அடக்கினால் முகம்தான் அடங்கும். ஜேம்ஸ் கிராஸ், ராபர்ட் லெவன்சன் இருவரும் 1990களில் செய்த சோதனைகளில், துயரக் காட்சியைப் பார்த்தும் முகத்தில் எதையும் காட்டாமல் இருந்தவர்களுக்கு மனவருத்தம் குறையவில்லை. உடம்புக்குள் முடுக்கம்தான் கூடியது. இடம் பொருள் பார்த்து அடக்க வேண்டிய நேரம் உண்டு. அதையே வாழ்க்கை முறையாக வைத்துக்கொண்டால் உடம்பு வட்டி கட்டும்.

கோபத்தை மட்டும் வேறு மாதிரி பார்க்க வேண்டும். தலையணையைக் குத்தினால் கோபம் வடிந்துவிடும் என்பார்கள். சோதித்துப் பார்த்ததில், கோபப்படுத்தியவரை நினைத்துக்கொண்டே குத்தியவர்களுக்குக் கோபம் ஏறித்தான் போனது.

பழைய காயம் உடம்பில் பதிந்திருக்கும் என்கிறார்களே?

ஒரு பொருளில் ஆமாம். விபத்திலோ வன்முறையிலோ சிக்கி மீண்டவர், வருடங்கள் கழித்து அதே மாதிரி ஒரு வாசனையோ சத்தமோ வந்தால் காரணம் தெரியாமலே விறைத்துப்போவார். நெஞ்சு படபடக்கும், கை சில்லிடும், சிலருக்கு உணர்வே மரத்துப்போகும். மூளை அந்த ஆபத்தை 'முடிந்த கதை' என்று எடுத்து வைக்காததால் உடம்பு அதை இப்போதும் நடப்பதாக எடுத்துக்கொள்கிறது. அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்த நோய் என்ற பெயரில் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1980இல்தான் இதை நோய்ப் பட்டியலில் சேர்த்தது.

'கோபம் கல்லீரலில் தங்கும், துக்கம் நுரையீரலில் சேரும், இடுப்பை நீட்டினால் சிறுவயதுக் காயம் வெளியேறும்' என்பதற்கெல்லாம் ஆதாரம் இல்லை. தசையை நீட்டும்போது அழுகை வந்தால் வரட்டும், அதுவே ஒரு ஆறுதல்தான். அதைக் 'கழிவு வெளியேறியது' என்று சொல்லிக் கட்டணம் கேட்கிறவரிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

இந்த வகைக் காயத்துக்கு மூச்சுப் பயிற்சி மட்டும் போதாது. பயிற்சி பெற்றவர் தரும் பேச்சுவழிச் சிகிச்சைகளும், கண் அசைவைப் பயன்படுத்தி நினைவைக் கையாளும் முறையும் உலகச் சுகாதார நிறுவனம் 2013இல் பரிந்துரைத்தவை. நடந்ததை ஒன்றுவிடாமல் உடனே சொல்லு என்று பாதிக்கப்பட்டவரை வற்புறுத்துவது நல்லது செய்யாது, சிலருக்குக் கெடுதலும் செய்யும்.

மன அழுத்தத்தால் நிஜமாகவே நோய் வருமா?

சில விஷயங்களில் நேரடியான சாட்சி உண்டு. ஷெல்டன் கோஹன் குழுவினர் 1991இல் வெளியிட்ட ஆய்வில், தாமாக முன்வந்தவர்களின் மூக்கில் சளி வைரஸ் சொட்டு விட்டுத் தனியாகத் தங்க வைத்தார்கள். மன அழுத்தம் அதிகம் இருந்தவர்களுக்குத்தான் சளி அதிகம் பிடித்தது. 1995இல் ஜேனிஸ் கீகோல்ட் கிளேசர், மறதிநோய் வந்த உறவினரைப் பார்த்துக்கொள்ளும் பெண்களின் கையில் 3.5 மில்லிமீட்டர் அளவில் ஒரு சின்னக் காயம் போட்டு ஆறுவதை அளந்தார். அதே வயதுள்ள மற்றவர்களைவிட அவர்களுக்கு ஆற சுமார் ஒன்பது நாள் கூடுதலாகப் பிடித்தது. நோயாளியைப் பார்த்துக்கொள்பவரையும் யாராவது பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதற்கு இதைவிட நேரான கணக்கு எனக்குத் தெரியாது. பேரிழப்புச் செய்தி கேட்ட மாத்திரத்தில் இதயத் தசை தற்காலிகமாகத் துவண்டுபோகும் டாகோட்சுபோ என்ற நோயை 1990இல் ஜப்பானிய மருத்துவர்கள் விவரித்தார்கள். மாரடைப்பு போலவே வலிக்கும். மாதவிடாய் நின்ற பெண்களுக்கே அதிகம் வருகிறது.

கவலைப்பட்டதால்தான் புற்றுநோய் வந்தது என்பதற்கு உறுதியான சான்று இல்லை. நோயில் படுத்திருப்பவரிடம் 'நீ மனசைத் தைரியமாக வைத்திருந்தால் வந்திருக்காது' என்று சொல்வது அறிவியலும் அல்ல, அன்பும் அல்ல.

எல்லாம் செய்கிறேன். பிரச்சினை அப்படியே இருக்கிறதே?

இருக்கத்தான் செய்யும். கட்டடத்தில் அபாய மணி அலறுகிறது என்றால், அதை அமர்த்துவது ஒரு வேலை, எங்கே புகைகிறது என்று போய்ப் பார்ப்பது இன்னொரு வேலை. மூச்சும் தசைத் தளர்வும் முதல் வேலையைச் செய்யும். கடன், அவமதிக்கும் வேலையிடம், அடிக்கும் துணை, முடியாத துக்கம் என்று இரண்டாவது வேலைக்கு உள்ளவற்றைத் தியானத்தால் தீர்க்க முடியாது. மணி ஓய்ந்தால் யோசிக்க முடியும், யாரிடம் கேட்கலாம் என்று தெரியும், அந்தத் தொலைபேசி அழைப்பைச் செய்யத் துணிவு வரும். அவ்வளவுதான் அதன் பங்கு.

ஆட்களுக்கு மேல் வேலை ஏற்றிவிட்டு, வெள்ளிக்கிழமை மாலை யோகா வகுப்பு வைக்கும் நிறுவனங்களைப் பற்றி என் அபிப்பிராயத்தை ஊகித்துக்கொள்ளலாம்.

எத்தனை நாளில் பலன் தெரியும்?

ஒரு முறை மூச்சுப் பயிற்சி செய்ததில் சில நிமிடத்தில் உடம்பு இளகும். ஆனால் எதற்கெடுத்தாலும் பதறும் சுபாவம் மாறச் சில வாரங்கள், மாதங்கள் ஆகும். மனக்காயம் ஆறுவதற்குக் கெடு கிடையாது. முன்னேறும், பின்வாங்கும், ஒரு நினைவுநாள் வந்தால் மறுபடி முதலிலிருந்து வலிக்கும். முன்பு மூன்று நாள் படுக்க வைத்தது இப்போது ஒரு மாலையோடு போகிறதா என்று பாருங்கள். அதுதான் நம்பகமான அளவுகோல்.

மாத்திரை சாப்பிடுகிறேன். இதையும் செய்யலாமா?

செய்யலாம். தேறியதாகத் தோன்றினாலும் மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம்.

எப்போது டாக்டரைப் பார்க்கத்தான் வேண்டும்?

நெஞ்சில் பாரம் வைத்த மாதிரி வலி வந்து கைக்கோ தாடைக்கோ பரவினால், மூச்சுத் திணறினால், மயங்கி விழுந்தால், ஒரு பக்கம் கை கால் துவண்டால், 'டென்ஷனாக இருக்கும்' என்று வீட்டில் உட்கார்ந்திருக்காதீர்கள். உடனே அவசர சிகிச்சைக்குப் போங்கள். காரணமில்லாமல் எடை குறைந்தாலும் மலத்தில் ரத்தம் கண்டாலும் தள்ளிப்போடாமல் காட்டுங்கள்.

இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லாமல், தூக்கமும் பசியும் கெட்டு, அன்றாட வேலை நின்றுபோனால் மனநல மருத்துவரைப் பாருங்கள். செத்துப்போகலாம் என்ற எண்ணம் வந்தால் இரண்டு வாரம் காத்திருக்க வேண்டாம். அன்றே, பக்கத்தில் இருக்கும் ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லி, அவரோடு மருத்துவமனைக்குப் போங்கள். போக முடியாவிட்டால் உங்கள் பகுதியின் உதவி எண்ணை அழையுங்கள்.

எனக்கில்லை, என் வீட்டில் ஒருவருக்கு. நான் என்ன செய்வது?

அறிவுரையைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். 2006இல் ஜேம்ஸ் கோன் என்ற உளவியலாளர், திருமணமான 16 பெண்களை ஸ்கேன் கருவிக்குள் படுக்கவைத்து, 'காலில் மின் அதிர்ச்சி வரலாம்' என்று எச்சரித்துக்கொண்டே மூளையைப் பார்த்தார். தனியாகக் கிடந்தபோது அபாயத்துக்குக் கிளம்பும் பகுதிகள் மும்முரமாக இருந்தன. முன்பின் தெரியாதவர் கையைப் பிடித்தபோது கொஞ்சம் அடங்கின. கணவர் பிடித்தபோது நன்றாகவே அடங்கின, அதுவும் ஒத்துப்போகும் தம்பதி என்றால் இன்னும் அதிகமாக.

ஆகவே பக்கத்தில் உட்காருங்கள். தொடுவது பிடிக்குமா என்று கேட்டுவிட்டுக் கையைப் பிடியுங்கள். உங்கள் குரலையும் மூச்சையும் முதலில் நீங்கள் நிதானப்படுத்துங்கள். பதறுபவரிடம் பதறிக்கொண்டே 'பதறாதே' என்றால் எடுபடாது. அவர் பேசினால் கேளுங்கள், பேசாவிட்டால் கேள்வி கேட்டுக் குடையாதீர்கள். டாக்டரிடம் போக வேண்டியிருந்தால் 'போய்ப் பார்' என்று சொல்லி அனுப்பாமல், நேரம் வாங்கி நீங்களே கூடப் போங்கள். பலரும் தட்டிக்கழிப்பது சிகிச்சையை அல்ல, அந்த வரவேற்பு மேசையில் தனியாகப் போய் நிற்பதைத்தான்.